புஷ்பா விரட்டிய குரங்குகள்

“ஓடுறியா, இல்ல கல்லால அடிக்கவா? சனியனே, ஓடு!”

இரத்தோட்டையில் நண்பன் லோகநாதன் வீட்டு கேட்டைத் திறந்ததும் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. சனி, ஞாயிறு வந்து தங்கிட்டுப் போடா என்று அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டு, ஒருவழியாகப் போன மாதம்தான் கிளம்பிப் போனேன். விருந்தாளியை இப்படியா வரவேற்பார்கள்?

திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை, விடுங்கள். ஆனால் திட்டியது லோகுவின் மனைவி புஷ்பா. போன வருடம் அவளுடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன்!

பனிமூட்டத்தில் கொக்கோ மரங்கள் பாதிதான் தெரிந்தன. அதற்குள்ளிருந்து மறுபடியும் அவள் குரல் — “ஏங்க! கல்லக் கொண்டாங்க!” அப்புறம் ஒரு இருமல். அப்புறம், பக்கத்தில் யாரிடமோ சொல்வதுபோல — “சிரிக்காதடி!”

லோகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“பயந்துட்டியா மச்சான்? ஒனக்குச் சொல்ல மறந்துட்டேன். மரத்துல ஸ்பீக்கர் கட்டியிருக்கு. குரங்கு விரட்டுறதுக்கு.”

மாத்தளைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற யாரையாவது நலம் விசாரித்துப் பாருங்கள்... முதல் அரை மணி நேரம் குரங்கைப் பற்றித்தான் பேசுவார்கள். கொக்கோக் காய், வாழைக்குலை, தேங்காய்க் குரும்பை — எதையும் விட்டு வைப்பதில்லை. லோகு வெடி போட்டுப் பார்த்தான். நாய் வளர்த்தான். நாய் குரங்குகளோடு சிநேகமாகிவிட்டது. புஷ்பா கத்தினால் மட்டும் அந்தக் கூட்டம் தலைதெறிக்க ஓடும். லோகுவே ஓடுவான், குரங்கு எம்மாத்திரம்!

அம்மாவுக்குத் தொண்டை போகிறதே என்று அவர்கள் மகள் தர்ஷினிதான் அந்தக் கத்தலை போனில் பதிந்து, ஸ்பீக்கரும் வாங்கிக் கட்டிக் கொடுத்தாள். கால் மணிக்கு ஒருதரம் தானாகவே கத்தும். பதியும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் “சிரிக்காதடி” அவளுக்குத்தான். பிறகு புஷ்பா திடீரென்று போய்ச் சேர்ந்தாள். ஸ்பீக்கரை யாரும் நிறுத்தவில்லை.

“தர்ஷினி வர்றாளா?” என்று கேட்டேன்.

பிளேன்டீயைக் கையில் கொடுத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தவதான். ‘அம்மா குரல் நிக்கிற வரைக்கும் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்’னுட்டா. பேத்தி பொறந்து எட்டு மாசம்டா. போன்லதான் பாக்கிறேன்.”

“நீ கண்டிக்குப் போய் அவங்களப் பாக்கிறதுதானே?”

“தோட்டத்த யாரு பாக்கிறது?”

“அப்ப ஸ்பீக்கர நிப்பாட்டு.”

“நிப்பாட்டினா தோட்டம் போயிரும்.”

சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றான். சாயங்காலம் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். பனி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. “ஏங்க! கல்லக் கொண்டாங்க!” என்றது மரம்.

“இந்தா வர்றேன்,” என்றான் லோகு.

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தான். தான் பதில் சொன்னதே அவனுக்குத் தெரியவில்லை!

“மச்சான், நீ குரங்கா விரட்டுற? செத்தவளோட குடும்பம் நடத்துற. அங்க ஒரு புள்ள தவழுது, தாத்தாவ போன்ல மட்டும்தான் தெரியும்.”

அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. “ஒனக்கென்னடா, வீட்டுக்குப் போனா பேச ஆளிருக்கு!” அதோடு சரி. நானாகப் போய் வாயைக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று இருந்தது.

ஞாயிறு காலையில் அவனே போய் சுவிட்சை அணைத்தான். “தர்ஷினிகிட்ட சொல்லிரு,” என்றான்.

அந்த அமைதி இருக்கிறதே... முதல் நாள் குரலைக் கேட்டுப் பயந்தவன் நான். இப்போது எப்போது வரும், எப்போது வரும் என்று காது அதையே தேடியது. கால் மணி போனது. அரை மணி போனது. கிளைகள் அசைந்தன. ஒரு குரங்கு இறங்கியது, பின்னாலேயே மொத்தக் கூட்டமும் இறங்கிக் கொக்கோக் காய்களைப் பறிக்க ஆரம்பித்தது.

நான் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். ஒரு கிழட்டுக் குரங்கு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு அவ்வளவுதான் மரியாதை!

அப்போது எனக்குப் பின்னால் — “ஓடுறியா, இல்ல கல்லால அடிக்கவா?”

சட்டென்று சுவிட்சைப் பார்த்தேன். ஆஃபில்தான் இருந்தது.

கத்தியது லோகு. இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. அதே இழுப்பு... அதே கோபம்... இடையில் அந்த இருமல் கூட! கண்கள் மட்டும் எங்கேயோ நிலைகுத்தி இருந்தன. “ஏங்க! கல்லக் கொண்டாங்க!”

யாரைக் கூப்பிடுகிறான்? அந்த வீட்டில் ‘ஏங்க’ என்றால் அவன் ஒருத்தன்தானே!

குரங்குகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. எனக்கும் ஓடத்தான் தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்து ஒரு கல்லை எடுத்துப்போய் அவன் கையில் கொடுத்தேன். கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது எதுக்குடா?”

திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே தர்ஷினிக்கு போன் பண்ணினேன். ஸ்பீக்கரை நிறுத்தியதைச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டாள். டக்கென்று போனை வைத்துவிட்டாள். போச்சு, இனி இந்தப் பெண் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது என்றுதான் நினைத்தேன்.

போன சனிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரத்தோட்டைக்குப் போயிருக்கிறாள். மறுநாள் அங்கிருந்தே பேசினாள்.

“அங்கிள், நீங்க சொன்ன மாதிரியேதான். அம்மா மாதிரியே கத்துறாரு. கத்திட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து பாப்பாவத் தூக்கிக் கொஞ்சுறாரு.”

“பயமா இருக்காம்மா?”

“ரொம்பப் பயமா இருக்கு அங்கிள். அதான், என் உடுப்பெல்லாம் இங்க எடுத்துட்டு வரச் சொல்லி என் வீட்டுக்காரருக்கு போன் பண்ணிட்டேன்.”