கணவாயில் மறந்துபோன மூணாவது வளைவு

போன மழைக்காலத்துல எனக்கு மூளைக் காய்ச்சல் வந்தது சபையில பல பேருக்குத் தெரியும். உயிர் பிழைச்சது, ஞாபகம் பிழைக்கலை. கோந்த்வாவுல இருக்கிற எங்க வீட்டுல அடுப்பைப் பத்த வச்சுட்டு, எதுக்குன்னு தெரியாம நிப்பேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் பேரே வாயில வரலை. நானும் அழுதேன், அவரும் அழுதார்.

கடக்வாஸ்லா ராணுவப் பயிற்சிக் கல்லூரியில கேடட் பிள்ளைங்களுக்குப் போர் வரலாறு சொல்லித்தர்றதுதான் என் வேலை. டிசம்பர்ல மேலதிகாரிங்க கூப்பிட்டு, ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க, முடியலைன்னா வேலையை விட்டுடுங்கன்னாங்க. பாடம் சோமோசியேரா. ஸ்பெயின்ல இருக்கிற மலைக்கணவாய். நெப்போலியன் வடக்கேயிருந்து மாட்ரிட் போற வழி. ஒத்தைப் பாதை, நாலு வளைவு, வளைவுக்கு வளைவு ஸ்பெயின்காரங்க பீரங்கி, ஒரே பனிமூட்டம். அதுல நெப்போலியனோட போலந்து குதிரைப்படை கீழேயிருந்து மேலே பாய்ஞ்சுது.

புதன்கிழமை உபவாசக் கூட்டத்துல முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நாலு வளைவையும் வரிசையா சொல்ல வைங்க." வேற எதுவும் கேட்கலை. நம்ம சபை கிரேஸ் அக்கா என் தலையில கை வச்சு, "நீ சொல்லுவ பாரு"ன்னாங்க.

மணல்ல மலையைச் செஞ்சு வச்சுத்தான் எங்க பாடம். முதல்ல வடக்குக் கொடியை நடணும், அதுதான் வழக்கம். நான் அதைத் தெற்குல, மாட்ரிட் பக்கம் நட்டுட்டேன். ரெண்டு வளைவு சொன்னேன். மூணாவது வரலை. கொடியைப் பார்த்தேன். அதுபடி பார்த்தா நெப்போலியன் ஏற்கெனவே மாட்ரிட்லதான் நிக்கிறான். எது மேலே, எது கீழே, ஒண்ணும் புரியலை. என் வகுப்பைப் பார்த்து முடிவு சொல்ல வந்த மேஜர் பின்னாடி உட்கார்ந்திருக்கார்.

"எனக்குத் தெரியலை"ன்னு சொல்லிட்டேன். நான் சொல்ல நினைக்கவே இல்லை, அதுவா வந்துச்சு.

ஒரு கேடட் பொண்ணு எழுந்தா. "மேடம், அந்தப் பனியில குதிரைமேல போனவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. கொடியும் மாறியிருக்கு." கொடியைப் பிடுங்கி மாத்தி நட்டா. அப்புறம் வகுப்பே சண்டைக்கு நின்னுச்சு, நீ முதல்ல ஏறுவியா, நான் ஏறுவேனான்னு. நான் கேள்வி மட்டும் கேட்டேன்.

முடிஞ்சதும் மேஜர் கேட்டார், "கொடியை வேணும்னேதான் மாத்தி வச்சீங்களா? நல்ல உத்தி."

ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். "இல்ல சார், மறந்துட்டேன்"ன்னேன்.

மேஜர் எழுந்துக்கிட்டே, "இனி கொடியை அவங்க நடட்டும். நீங்க தொடர்ந்து வகுப்பெடுக்க வாங்க"ன்னார்.

மூணாவது வளைவு இன்னைக்கும் எனக்கு வரலை. கேட்டது ஒண்ணு, கிடைச்சது வேற. இது எப்படி பதிலாகும்னு குழம்பிக்கிட்டேதான் ஸ்தோத்திரம் சொல்றேன். தெரியலைன்னு சொல்ல முன்னாடி வெட்கப்படுவேன், இப்ப இல்லை. குழப்பத்துல இருக்கிறவங்க குழப்பத்தோடயே ஆண்டவர்கிட்ட கேளுங்க, தெளிஞ்சதுக்கு அப்புறம்னு காத்திருக்காதீங்க. நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு. கொடியைப் பிள்ளைங்க நட்டுருவாங்க.