வெயிலை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு

ஹீட் டிரான்ஸ்பர் என்றால் எல்லோருக்கும் ஃபார்முலா ஞாபகம் வரும். எனக்கு எலுமிச்சை வாசனை...

குரோம்பேட்டையில் காலேஜ். மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். வகுப்பில் பெண்கள் என்றால் நானும் செல்வியும்தான். செல்விக்குக் கோவளம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அவள் அம்மா விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, மற்ற பெண்களோடு குட்டியானை வண்டியில் வந்து, சேலையூர் கேம்ப் ரோட்டில் உட்கார்ந்து விற்பார்.

அலுமினிய டப்பில் ஐஸ், மேலே ஈரச் சாக்கு. பத்து மணிக்கெல்லாம் ஐஸ் தண்ணீராகிவிடும். அதற்குள் விற்றாக வேண்டும். அதனால் பாதி மீனைச் செல்வி தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருக்களில் விற்பாள். பிறகு மீன் வாடை போகக் காலேஜ் குழாயடியில் அரை எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மூன்றாவது பீரியடுக்கு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

தினமும் முதல் பீரியட் ஹீட் டிரான்ஸ்பர். இரண்டாவது பீரியடில் பாடம் நாளுக்கு நாள் மாறும். ஐஸ் உருகியதால் பெரும்பாலான நாள் அவளுக்குப் போனது அந்த முதல் வகுப்புதான். அட்டெண்டன்ஸ் இன்னும் கொஞ்சம் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவைத் தனியாக விடவும் அவளுக்கு மனசில்லை.

வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் உட்கார்ந்து கேட்ட என்னைவிட, என் நோட்டை வாங்கிப் படித்த அவளுக்குத்தான் பாடம் புரிந்தது. கணக்கைப் பார்த்ததும் நாங்கள் ஃபார்முலா தேடுவோம். அவள் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

"சூடு எங்கேர்ந்து கெளம்புது, எங்க போவுது, நடுவுல எது தடுக்குது? அத மொதல்ல பாருடி."

விடை உத்தேசமாக எவ்வளவு வரும் என்று சொல்லிவிட்டுத்தான் கால்குலேட்டரைத் தொடுவாள். பெரும்பாலும் கிட்டத்தட்ட அதுவே வரும். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

ஒருநாள் கேன்டீனில் ஆரம்பித்தாள். "ஐஸ் பொட்டிய நாமளே கணக்கு போட்டு செஞ்சா இன்னாடி? மத்தியானம் வரைக்கும் ஐஸ் தாங்கிச்சுன்னா அம்மா நிதானமா தனியா வித்துக்கும். நான் ஃபர்ஸ்ட் பீரியடுக்கு வந்துடுவேன்."

உட்கார்ந்து போட்டோம். தெர்மோகோல் வழியாக உள்ளே போகும் சூடு, அது கண்டக்‌ஷன். வெளிக்காற்று கொண்டுவரும் சூடு, அது கன்வெக்‌ஷன். மூன்றாவது ரேடியேஷன், வெயில் மாதிரி எதையும் தொடாமல் வந்து சேருவது. எங்கள் பரீட்சைக் கணக்குகளில் கடைசி வரி பெரும்பாலும் 'நெக்லெக்ட் ரேடியேஷன்' என்று இருக்கும், அதாவது ரேடியேஷனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். அந்த வரியைப் பார்த்ததும் வரும் நிம்மதி இருக்கிறதே... எங்கள் கணக்கிலும் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

கணக்குப்படி மதியம் இரண்டு மணி வரை ஐஸ் தாங்க வேண்டும். பிளைவுட்டுக்குள் தெர்மோகோல் வைத்துப் பெட்டி செய்தோம். தூக்க லேசாக இருக்கட்டும் என்று மூடியை மட்டும் மெல்லிசாக வைத்தோம். அழுக்கு தெரியாமல் இருக்க அதற்குக் கறுப்பு பெயிண்ட் வேறு. அவ்வளவு எஞ்சினியர் மூளை.

பதினோரு மணிக்கே ஐஸ் காலி. "பொட்டி நல்லாத்தான் கீது. ஐஸ்தான் இல்ல," என்றார் அவள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை நானும் கேம்ப் ரோட்டுக்குப் போனேன். பங்குனி வெயில். பஸ்ஸும் பைக்கும் காதருகே ஹாரன் அடித்தன. நான் நோட்டைப் பிரித்துத் தப்பு தேடிக்கொண்டிருந்தேன். செல்வி நோட்டைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் பக்கங்களில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு மூடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"சூரியன நெக்லெக்ட் பண்ணிட்டோம்டி," என்றாள்.

மீன் பலகைக்குப் பக்கத்திலேயே கணக்கை மறுபடி போட்டாள். மூடியின் சூடு எவ்வளவு என்று தெரியாது. ஐம்பது டிகிரி என்று வைத்துப் பார்த்தாள். வெயிலால் மூடிக்கு வருகிற சூடும் மூடியை விட்டுப் போகிற சூடும் ஒத்து வரவில்லை. அறுபது வைத்தாள், வரவில்லை. நடுவில் ஒருவர் சங்கரா கேட்டு வந்தார். எடை போட்டுக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எழுபதை நெருங்கும்போது ஒத்து வந்தது. ஒரு கணக்கை அவ்வளவு அழகாக யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

மூடிக்குள் இன்னொரு தெர்மோகோல் ஒட்டினோம். வெளியே வெள்ளை அடித்தோம். அதற்கும் மேலே, காற்று போக விரல் உயரம் இடைவெளி விட்டு, வெள்ளை அடித்த ஒரு தகரம். புத்தகத்தில் அதற்குப் பெயர் ரேடியேஷன் ஷீல்டு. செல்வி அம்மாவுக்கு அது 'கொடை'.

அடுத்த ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அவர் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். ஒரு கட்டியை எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினார்.

"ஐஸ் கீதுடி." கட்டியைத் திரும்ப உள்ளே போட்டு மூடினார். "நாளைக்கு நீ வராத. கிளாஸுக்குப் போ."

செல்வி அழுதுவிட்டாள். நானும்தான்.

திங்கட்கிழமை முதல் பீரியட். சார் அட்டெண்டன்ஸ் எடுத்தார். பழக்கதோஷத்தில் செல்வி பெயரைக் கூப்பிடாமலே தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

செல்வியே எழுந்து நின்றாள். "சார்... செல்வி பிரசன்ட் சார்."

மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எலுமிச்சை வாசனை இல்லை.

இப்போது அவள் மருந்து கொண்டுபோகும் குளிர்பெட்டிகளை வடிவமைக்கிறாள். நான் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆபீஸில், கம்ப்யூட்டரில் சூட்டுக் கணக்கு போடுகிறேன். நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போட்டதை இது நான் டீ குடித்து வருவதற்குள் முடித்துவிடும். சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம் என்று வண்ணம் தீட்டியும் காட்டும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு பேட்டரிப் பெட்டிக்குக் கணக்கு போட்டுக் கொண்டுவந்தான். வெயிலில் நிற்கப்போகிற பெட்டி. ரேடியேஷனை ஆஃப் பண்ணியிருந்தான். ஆன் பண்ணச் சொன்னேன், மூடி செக்கச்செவேல் என்று ஆனது. சிரிப்பை அடக்க முடியாமல் அதைப் படம் எடுத்துச் செல்விக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "மொதல்ல மூடியத் தொட்டுப் பாக்கச் சொல்லுடி."

படித்துவிட்டு, என்னை அறியாமல் திரையில் அந்தச் சிவப்பின் மேல் கை வைத்தேன். ஏசி ரூமில் அது சில்லென்று இருந்தது.