மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி மரக்காணத்துக்கு

இந்த வலைப்பூவில் இதுவரை மாதா கோவில் பயணங்களை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை போனது மரக்காணம் பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு. மனநல டாக்டர் அங்கே செவ்வாய் மட்டும்தான் வருவார்.

என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் கூலி வேலை. ஆறு மாதம் முன்பு சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் விட்டுப்போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அங்கே கொடுத்த மாத்திரையில் தேறி, மறுபடி உப்பு வாரப் போனார். நான் அதை என் நேர்ச்சையின் பலன் என்று எடுத்துக்கொண்டேன். சுகம் கிடைத்த பிறகும் மாத்திரை போட்டால் அது அவிசுவாசம் இல்லையா? மீதி அட்டைகளை மாதா பாதத்தில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தது. ஐந்தாவது வாரம், உப்பளத்தை ஒட்டிய கழியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவரை, உடன் வேலை செய்பவர்கள் கரையேற்றிக் கூட்டி வந்தார்கள்.

கூனிமேட்டில் காலை 7.40 பஸ். பத்து கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அவருக்குப் பத்து ரூபாய். படியில் கால் வைக்காமல் நின்றார்.

"ஏம்பா, பஸ்ஸு உன்ன தூக்கினு போவாது, நீதான் ஏறணும்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

"அவருக்கு ஒடம்பு சரியில்லீங்க."

"மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?" என்று அவரே கைகொடுத்து ஏற்றினார்.

8.20-க்குச் சீட்டு வாங்கினோம். 11.50-க்குக் கூப்பிட்டார்கள். சீட்டு, டாக்டர், மாத்திரை எதற்கும் காசில்லை.

டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். "நல்லாத்தான இருந்தீங்க. மாத்திரைய யாரு நிறுத்தனது?"

நான் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைச் சரிசெய்தேன். மூன்று வாரமாகத் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்காத மனிதர் பேசினார்.

"நான்தாங்க. கசக்குதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"சின்னப் புள்ளையா நீங்க? பாவம், இந்தம்மா உங்கள இட்டுக்கினு அலையறாங்க."

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். இனி ஒரு தடவைக்கு ஒரு வாரத்து மாத்திரைதான், அதுவும் என் கையில்தான் கொடுப்பார்களாம். "போன தடவ மாதிரி சீக்கிரம் கேக்கும்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

போக நினைப்பவர்கள் டாக்டர் வரும் கிழமையைக் கேட்டுக்கொண்டு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பழைய சீட்டும் மதியச் சாப்பாடும் கையில் இருக்கட்டும். தேறிவிட்டார் என்று தோன்றினாலும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில், "ஏங்க அப்டி சொன்னீங்க?" என்று கேட்டேன். இன்றோடு ஆறு நாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையை நீட்டினால் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். சாயங்காலம் ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்தால் முதல் மணியிலேயே விரல் நின்றுவிடுகிறது.