காந்தத்தில் ஒட்டாத சிலுவை

பாரிஸுக்குப் பக்கத்தில் மாசி என்ற ஊரில் தனியாக வாழ்கிறேன். உலகப்போர்க் கால ஜெர்மன் பதக்கங்கள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மதுரைப் பெண் ஒருத்தி, அங்குள்ள பெரியவர் ஒருவரின் இரும்புச் சிலுவைப் பதக்கத்தோடு வந்தாள்.

"அவரோட அப்பா போர்ல ஒருத்தனைக் கொன்னு எடுத்ததாம், அண்ணா. அதை நினைச்சே தூங்க மாட்டேங்கிறார்."

அசலில் வெள்ளிச் சட்டத்துக்குள் இரும்புத் தகடு தனியாக இருக்கும். இதுவோ ஒரே வார்ப்பு; காந்தமும் ஒட்டவில்லை.

"இது சண்டை முடிஞ்சாப் பிறகு செய்த போலி, தங்கச்சி."

அவள் உடனே அவருக்கு போன் போட்டுச் சொன்னாள்.  ஸ்பீக்கரில், தன் அப்பா யாரையும் கொல்லவில்லை என்று அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

பதக்கம் போலி என்பதால் கொலை நடக்கவில்லை என்றாகிவிடாது. எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

அவள் போனதும் அந்தச் சிரிப்பை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாருமில்லை.