வேலிக்குள் அகப்பட்ட மடை

பொன்னேரி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் தனியாக நடத்திய முதல் வழக்கு, தண்டனைச் சட்டம் 447-ஆம் பிரிவு: அத்துமீறி நுழைதல். எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலை தன் நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தது. முனிரத்தினம் என்ற விவசாயி அதைத் தாண்டி உள்ளே போனார் என்பது குற்றச்சாட்டு.

இத்தகைய வழக்குகள் முடியும் விதம் எனக்கு வியப்பளித்தது. சாட்சி விசாரணை வரை சென்றவை மிகச் சில. பெரும்பாலோர் முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, மதிய ரயிலைப் பிடித்தார்கள். தண்டனை பெற்றவர் என்று தம் பெயர் பதிவானதைப் பலர் அறியவே இல்லை.

முனிரத்தினமும் அதற்கே தயாராக வந்திருந்தார். "ஒத்துக்கினு போய்க்கினே இருக்கலாம் சார். உங்களுக்கு இன்னா, ஃபேனுக்கு அடியில நின்னுகினு பேசுவீங்க. என் நாத்து வெயில்ல காயுது."

நான் இணங்கவில்லை. நுழைந்தது மட்டும் குற்றமாகாது. குற்றம் புரியவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். வாதாடினால் விடுதலை உறுதி என்று கருதி வாய்தா வாங்கினேன்.

அன்று மாலை திருவள்ளூர் வீட்டில் இதை விவரித்தேன். சென்ற தையில் காலமான என் மனைவிக்குச் சட்டம் தெரியாது, கேட்கத் தெரியும்.

"அவர் எதுக்காம் உள்ள போனார்?"

"அவர் வயலுக்குத் தண்ணி விடற மடை வேலிக்குள்ள மாட்டிண்டுடுத்து. அதைத் திறக்க."

"நீங்க ஜெயிச்சா அவர் போய்த் திறக்கலாமோ?"

"அது சிவில் உரிமை. முன்சீப் கோர்ட்ல தனியா கேஸ் போடணும். வருஷக் கணக்காகும்."

"அதுவரைக்கும் நாத்து நிக்குமோ?"

மறுநாள் தொழிற்சாலை மேனேஜரைச் சந்தித்தேன். அவர் சிரித்தார். "உங்க கட்சிக்காரரு வேலியத் தாண்டினாரு, நீங்க கேட்டைத் தாண்டி வந்துட்டீங்க. உங்க மேலயும் ஒண்ணு போடட்டுமா?"

"போடுங்க. அதுக்கு முன்னாடி மடைகிட்ட சின்னதா ஒரு கதவு வெச்சுக் குடுங்க. ராஜி மனு போட்டுடலாம்."

"என் வாட்ச்மேனும் சாட்சி சொல்றேன்னு பொன்னேரிக்கு அலையணும். பேஜாரு. சரி."

நிலத்தை அனுபவிப்பவர் சம்மதித்தால் இவ்வழக்கில் சமரசம் செய்துகொள்ளலாம்; சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். வாய்தாவன்று கோர்ட் வராந்தாவில் மனுவை முனிரத்தினத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"சாவி யாராண்ட சார்?"

"வாட்ச்மேன்கிட்ட."

"அவன் லீவு போட்டா, நான் மறுபடியும் வேலி தாண்டணுமா?"

அது எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்திட வந்திருந்த மேனேஜரைச் சம்மதிக்கச் செய்து, மற்றொரு சாவி முனிரத்தினத்திடம் இருக்கும் என்று மனுவில் சேர்த்தேன். உள்ளே ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்தது. நான் தயாரித்திருந்த வாதம் கைப்பையிலேயே இருந்தது. முனிரத்தினம் மேனேஜர் தந்த சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு ரயிலுக்கு ஓடினார்.

கோர்ட் தரக்கூடியதும் கட்சிக்காரருக்கு வேண்டியதும் வேறு வேறாக இருக்கலாம். அதை விசாரித்த பிறகே சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று அன்று கற்றேன்.

மாலையில் அவளிடம் முழுவதையும் சொன்னேன். பாராட்டவில்லை. காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்ன கேஸ்?"