கன்னத்தில் ஒதுக்கிய இட்லித் துண்டு

எட்டு மாதக் குழந்தை விழுங்கிய இட்லித் துண்டு பத்து நாள் வயிற்றிலேயே கெடாமல் கிடக்கும், குழல் வைத்து உறிஞ்சினால் வெளியே வந்துவிடும் என்று நம்புகிறவரா நீங்கள்? இல்லை என்று சிரிக்கலாம். உங்கள் வீட்டுக் குழந்தை இரண்டு நாள் பால் குடிக்காமல் கிடந்து, பக்கத்து வீட்டில் நாலு தரம் சொன்னால் நீங்களும் தொக்கம் எடுக்கிறவரிடம் போயிருப்பீர்கள். காரில் வந்து இறங்கிய படித்தவர்களைத் தையல்நாயகி நிறையப் பார்த்திருக்கிறார்.

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் பதினோரு வருடம் அவர் தொக்கம் எடுத்தார். கணவர் துரை ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதி இறந்தபின், அவர் குடும்பத்தார் செய்துவந்த தொழில் இவர் கைக்கு வந்தது. குழந்தையின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவ வேண்டும். பித்தளைக் குழலைத் தொண்டைக்குழியில் வைத்து உறிஞ்ச வேண்டும். பிறகு, முன்பே தன் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த இட்லித் துண்டையோ தேங்காய்ச் சில்லையோ உள்ளங்கையில் துப்பிக் காட்ட வேண்டும். சளியும் சின்ன வயிற்றுக்கோளாறும் நாலு நாளில் தானாக அடங்கும். பெயர் குழலுக்குப் போகும்.

அடங்காத குழந்தைகளும் உண்டு. 2005 மழைக்காலத்தில் மண்ணிவாக்கத்திலிருந்து வந்த ஒரு கைக்குழந்தை, நீவும்போது அழவே இல்லை. துண்டைக் காட்டி அனுப்பிவைத்தார். அன்று மாலையே அது இறந்துவிட்ட செய்தி நாலாம் நாள்தான் அவருக்கு வந்தது. அதன் பிறகும் ஒரு வருடம் தொழிலை நடத்தினார். இதை நான் மறைக்கப்போவதில்லை. அவரும் என்னிடம் மறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் அங்காளம்மா. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து ஊரப்பாக்கத்தில் விற்பவர். மடியில் எட்டு மாதப் பெண் நிஷா, காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா பால் எட்த்துக்கவே இல்லக்கா. எதையோ முழுங்கிகீறா. பெரியவனுக்கு நீதான எட்த்துவுட்ட? சீக்கிரம் எடு, மீன் வெயில்ல கெடக்குது."

தையல்நாயகி சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தார். குழந்தை அழவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே சதை குழி விழுந்து எழுந்தது. போன வருடம் மண்ணிவாக்கத்துக் குழந்தையிடம் பார்த்த அதே குழி. அவர் கையை எடுத்துவிட்டார்.

"இது வயித்துக் கேஸு இல்ல அங்காளம்மா. நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ."

"ஆஸ்பத்திரியா? போன தபா காத்தாலருந்து குந்தவச்சிட்டு, இத்தினி நாளா இன்னா பண்ணினு இருந்தே, அறிவில்லயான்னு அம்மாம் பேர் முன்னாடி கேட்டாங்க. மீன் நாத்தம் அடிக்குதாம், தள்ளி நில்லுன்னாங்க. நான் போவ மாட்டேன். நீ எடு."

"எடுக்க ஒண்ணும் இல்லன்றேன்."

"இன்னாக்கா, பிகு பண்ற? வஞ்சிரத் துண்டு ஒண்ணு தனியா எட்த்து வச்சிகீறேன், உனுக்குத்தான்."

தையல்நாயகி விரலைத் தன் வாய்க்குள் விட்டுக் கன்னத்து ஓரத்திலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்தார். எல்லோரும் பார்க்க உள்ளங்கையை நீட்டினார்.

"உன் பொண்ணு வயித்துலருந்து வரப்போற தொக்கம் இதான். காத்தால என் வூட்ல ஊத்துன இட்லி."

அங்காளம்மா அந்தத் துண்டையே பார்த்தார்.

"அப்போ பெரியவனுக்கு எட்த்தது?"

"அதுவும் இப்டித்தான்."

"அவன் நல்லாயிட்டானே."

"அவனுக்கு வெறும் சளி. தானா போச்சு."

அங்காளம்மா ஓங்கி ஓர் அறை விட்டார். தையல்நாயகி கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அடிச்சிட்டல்ல? கெளம்பு."

அங்காளம்மா கிளம்பினார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு இல்லை. வரிசையில் இருந்த ஒரு பெண் அவர் முந்தானையைப் பிடித்து, "இவ டூப்புன்னு அவளே சொல்லிட்டா. குன்றத்தூர்ல ஒருத்தர் கீறாரு, அசல் ஆளு. மலை அடிவாரத்துல. வா, நானும் வரேன்" என்றார். அங்காளம்மா தலையாட்டிவிட்டார்.

ஒரு பொய்யை உடைத்தால் நம்பிக்கை உடைந்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறோம். அது அடுத்த தெருவுக்குக் குடிபோகும், அவ்வளவுதான். குன்றத்தூர் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அந்தக் குழந்தையிடம் இருக்கவில்லை.

தையல்நாயகி வாசலை மறித்தார். அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையின் சட்டையைத் தூக்கினார். "இந்தப் புள்ள நெஞ்சப் பாரு. மூச்சு வுடும்போது பாரு. இப்ப உன் புள்ளயப் பாரு. ரெண்டும் ஒண்ணா? நான் பொய் சொல்றவதான். உன் கண்ணு சொல்றத நம்பு."

அங்காளம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. மற்றதன் நெஞ்சில் குழி விழுந்து விழுந்து எழுந்தது.

"ஆட்டோ" என்றார்.

நூற்றெட்டு வண்டி இன்னும் வராத காலம். பக்கத்து வீட்டு சிட்டிபாபு, சாப்பிட்ட கையோடு ஆட்டோவை எடுத்தார். தையல்நாயகியும் ஏறினார். குழந்தையைத் தொட மட்டும் அங்காளம்மா விடவில்லை. பெருங்களத்தூரில் பஸ்களுக்கு நடுவில் வண்டி நின்றது. நிஷாவின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

"அண்ணா, இன்னாண்ணா நின்னுட்ட?"

"நான் இன்னா பண்ணுவேன் தங்கச்சி, பறக்கவா முடியும்?" என்று சொல்லிக்கொண்டே சிட்டிபாபு நடைபாதையில் ஏற்றினார். திட்டிய போலீஸ்காரர் உள்ளே பார்த்துவிட்டு, தானே முன்னால் ஓடி வழி விலக்கினார்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். நிமோனியா. ஒன்பதாம் நாள் நிஷா பால் கேட்டு அழுதாள்.

அங்காளம்மா அதற்குப் பிறகு தையல்நாயகியுடன் பேசவில்லை. "அவ கோவம் நியாயம்தான்" என்கிறார் தையல்நாயகி. இப்போது அவர் காட்டாங்குளத்தூரில் ஒரு மாணவியர் விடுதியில் துப்புரவு வேலை செய்கிறார்.

அவரை மட்டும் திட்டி முடிக்க எனக்கு மனமில்லை. அங்காளம்மாவின் குப்பத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் அந்த மாதம் முழுக்கப் பூட்டு தொங்கியது. மீன்கூடையோடு வந்தவரை மரியாதையாக உட்காரச் சொன்ன ஒரே இடம், ஏமாற்றுகிற அந்த வீடுதான். இதற்கு வெட்கப்பட வேண்டியவர் அங்காளம்மா அல்ல.

காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தொக்கம் எடுக்கிற வீடு எது என்று உங்கள் தெருவிலும் ஒருநாள் ஒரு தாய் கேட்பார். வழி காட்டாதீர்கள், சிரிக்கவும் செய்யாதீர்கள். குழந்தை பால் மறுத்தாலோ, நெஞ்சு குழி விழுந்தாலோ அந்தத் தாயோடு நீங்களும் ஆட்டோவில் ஏறுங்கள். ஆஸ்பத்திரியில் அவரை யாராவது தள்ளி நிற்கச் சொன்னால், பக்கத்தில் நின்று ஏன் என்று கேளுங்கள்.