பாலைவனத்துக்குப் பூசிய ஜன்னல்கள்

என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்தபோது போர்வையும் பால்மாவும் செண்டுப் போத்தல்களும் கொண்டுவந்தார். அவற்றோடு இடுக்கில் பசை பீய்ச்சும் ஒரு சிலிக்கன் துப்பாக்கியும் வந்தது. அங்கே அவருக்குப் பணக்கார வீடுகளைப் பராமரிக்கும் வேலை. மணற்புயல் காலம் தொடங்குமுன் வீடு வீடாகப் போய் ஜன்னல்களைச் சோதித்து, இடுக்கெல்லாம் பசை அடைத்து, ரப்பர் பட்டி மாற்றுவார். அந்த வேலையில் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டுக்கு எந்தப் பாலைவனத்திலிருந்து மணல் வரும் என்று அவர் நினைத்தாரோ, அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்களுக்கு வருவது மழைக்காற்று. வைகாசி பிறந்தால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரங்கள் கழன்று தேயிலைச் செடிகளுக்கு மேலே பறக்கும். அதனால் அதற்கு முன்பே ஆம்பிளைகள் கூரையில் ஏறி ஆணி இறுக்கி, மண்மூட்டை தூக்கி வைப்பார்கள். எங்களுடையது லயமில்லை, புதிதாகக் கட்டிக்கொடுத்த தனி வீடு. ஆனாலும் கூரை ஆணிகள் அதற்குள் ஆட ஆரம்பித்திருந்தன. லேசான காற்றுக்கே மேலே படபடவென்று சத்தம் கேட்கும்.

"என்னங்க, மொதல்ல கூரையப் பாருங்க" என்றேன்.

"ஒனக்கு என்னா தெரியும்? காத்து உள்ளுக்கு வர்றது ஜன்னல் வழியா. அங்க நான் பூசுன வீட்ல ஒரு துளி தூசி வந்ததுன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாப்போம்."

"தூசி இங்க எங்கங்க இருக்கு? இங்க எல்லாமே சேறு."

அவர் காதில் விழவில்லை. சாமித் தட்டிலிருந்த ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போனார். புகை எங்கே வளைகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறதாம். எங்கள் வீட்டில் புகை எல்லா இடத்திலும் வளைந்தது. மாமியார் பின்னாலேயே போய் மகனின் விஞ்ஞானத்தை வாயைப் பிளந்து பார்த்தார். "எம் மகன் வெளிநாட்டு வேல படிச்சவன்" என்று என் பக்கம் திரும்பி ஒரு முறை சொன்னார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் என் வேலையை முடித்துவிட்டு நான் வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஜன்னல் ஓரமெல்லாம் வெள்ளைப் பசை. அதற்கு மேல் டேப். சமையலறைச் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரங்களைக்கூட விடவில்லை, அட்டை வெட்டி வைத்துப் பூசியிருந்தார்.

"பொக எப்புடிங்க போகும்?"

"கதவு இருக்குல்ல."

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று நெடுநேரம் பார்த்தார். "தங்கச்சி, வீட்டுக்குள்ள தண்ணிய நெரப்பி மீன் வளக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தெரியாதவர்கள் பேசுவதைப் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தையும் சவுதியிலிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

காற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்தது. மழையும் சேர்ந்துகொண்டது. காய்ந்த விறகு தீர்ந்திருந்ததால் ஈர விறகில் சோறு வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் புகை சமையலறையை நிறைத்து, கூடத்துக்கு வந்து, நாங்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருமினோம். பின்கதவு ஈரத்தில் ஊதி இறுகிக் கிடந்தது. முன்கதவை அந்தக் காற்றில் திறக்கவே பயம். அவர் சமையலறை ஜன்னலைப் பிடித்து இழுத்தார். காலை வேறு சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். அசையவில்லை.

"நல்லா ஒட்டியிருக்கு" என்றார். அந்த இருமலிலும் குரலில் பெருமை குறையவில்லை.

"எந்த மடையன்டா இத ஒட்டுனது!" என்று மாமியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினார். மகனை மறந்துவிட்டார் போலும்.

நான் அம்மிக் குழவியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தேன். புகை வெளியே போகும் என்று பார்த்தால் காற்றுதான் உள்ளே வந்தது. அடுப்புச் சாம்பல் சுழன்று எங்கள் தலையில் கொட்டியது. அடுத்த நிமிடம் கூடத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த தகரம் படாரென்று எழும்பி, பக்கத்துத் தகரத்தையும் பிய்த்துக்கொண்டு போனது. மழை நேராகக் கூடத்தின் நடுவில் விழுந்தது. ஒட்டிய ஜன்னல்களில் மட்டும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதை அவர் எனக்குக் காட்டினார். நிஜமாகவே கை நீட்டிக் காட்டினார்.

நான் ஜன்னலை உடைத்ததால்தான் உள்ளே புகுந்த காற்று தகரத்தைத் தூக்கியது என்பது அவர் கட்சி. ஆணி இறுக்கியிருந்தால் எந்தக் காற்றும் தூக்கியிருக்காது என்பது என் கட்சி. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

காற்று தணிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பம் கூரையை மூடத் தார்ப்பாய்ப் படங்கும் கயிறும் கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரும் கூரையில் ஏறிக் கட்டினார். பிறகு நனைந்த கூடத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபோது, யாரும் கேட்காமலே பேசினார்.

"அங்க மொதலாளி வீட்டுக்கெல்லாம் நான்தான் பூசுவேன். எங்க ரூமுக்குப் பூச ஒரு டியூப் கேட்டேன். தரல. புயல் வந்தா ஈரத்துணிய மூஞ்சில போட்டுக்கிட்டுப் படுப்போம். எந்திரிச்சா வாயெல்லாம் மண்ணு. சொந்த வீடுன்னு ஒன்னு இருந்தா ஒரு இடுக்கு விடாம பூசணும்னு அப்பவே நெனச்சேன்."

எனக்கு அந்த முதலாளி மேல் வந்த வெறுப்புக்கு அளவில்லை. இத்தனை வருடம் தொலைபேசியில் சாப்பாடு, வெயில் என்று கதைத்துவிட்டு இதைச் சொல்லாமல் வைத்திருந்த இந்த மனிதர் மேலும் கோபம் வந்தது.

"இத மொதல்லயே சொன்னா என்னா? படுக்குற அறைய மட்டும் பூச விட்டிருப்பேனே."

"சொன்னா நீ சிரிப்பே."

சிரித்திருக்க மாட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் சமையலறைத் துவாரங்களை அவரே சுரண்டித் திறந்தார். கூடத்து ஜன்னல்களை நான் கத்தியால் கீறித் திறந்தேன். படுக்கையறை ஜன்னலை இருவருமே தொடவில்லை. அது திறக்காது. அறைக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது, துணியெல்லாம் ஈரவாடை அடிக்கிறது, நான் தினமும் திட்டுகிறேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நிம்மதியாகத் தூங்குகிறார்.